இறந்தவர் பெயரில் வீடு

வீட்டுப் பத்திரம் எழுதுகிற நோட்டாரின் அறையில் அன்று இருந்தவர்கள் இவர்கள். நோட்டார். வீட்டை விற்ற ஜெர்மன் அம்மா. அண்ணை. அண்ணையின் மனைவி, எங்களுக்கு அக்கா. அவர்களுடைய மகள், ஒன்பது வயது, கதிரையில் இருந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். என் மனுசி. கடைசியாக நான், கதவோரம்.

அண்ணை எனக்குக் கூடப்பிறந்தவர் இல்லை. அகதி முகாமில் ஒரே அறை. பிறகு ஒரே தொழிற்சாலை. அவருக்கு ஜெர்மன் பாஸ்போட் இருந்தது. எனக்கு இருந்தது டுல்டுங். இப்போதைக்கு உன்னைத் திருப்பி அனுப்பவில்லை என்று சொல்கிற காகிதம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரிசையில் நின்று நீட்டிக்க வேண்டும். அப்படிப்பட்டவனுக்கு எந்த வங்கியும் வீட்டுக்கடன் தராது. அதனால் வீடு அண்ணையின் பெயரில். போட்ட காசில் பாதி என்னுடையது. மேல்மாடி அவர்களுக்கு, கீழ்வீடு எங்களுக்கு. எனக்கு விசா சரிவந்ததும் பாதியை என் பெயருக்கு எழுதுவார். அதுதான் பேச்சு.

நோட்டார் முழுப் பத்திரத்தையும் சத்தமாக வாசித்தார். இங்கே அப்படித்தான் முறை. ஒரு மணித்தியாலம் வாசித்தார். என் பெயர் வரவில்லை. முடிவில் என்னைப் பார்த்து, இவர் யார் என்று கேட்டார்.

"கூட்டாளி," என்றார் அண்ணை. நோட்டார் அதை எழுதவில்லை.

வெளியே வந்ததும் மனுசி கேட்டாள். "ஒரு துண்டாவது எழுதி வாங்கேல்லையோ?"

"கெவலாரிலை மாதாவுக்கு முன்னாலை சொன்ன மனுசனிட்டைத் துண்டு கேக்கிறதோ?"

அவள் பிறகு கேட்கவில்லை. ஆவணியில் நாங்கள் எல்லோரும் கெவலாருக்கு, மாதாவின் யாத்திரைக் கோவிலுக்குப் போவோம். மன்னார் ஆட்கள், யாழ்ப்பாணத்து ஆட்கள், பஸ் பஸ்ஸாக. வீடு வாங்கப் பேசின வருடம் நானும் அண்ணையும் ஒரு மெழுகுதிரியை இரண்டு பேரும் பிடித்துக் கொளுத்தினோம். பாதி வீடு உன்ரை, மாதா சாட்சி என்றார். அதற்குப் பிறகு கடுதாசி கேட்டால் மாதாவை நம்பவில்லை என்று ஆகும். எனக்கு அப்படித்தான் பட்டது. இப்போது யோசித்தாலும், கேட்டிருப்பேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

வீடு கெல்சென்கிர்ச்சனில். பழைய நிலக்கரித் தொழிலாளர் வீடு. தெருவுக்குக் கீழே மூடின சுரங்கம். நிலம் இறங்கினதால் சுவரில் வெடிப்பு. சமையலறையில் உருளைக்கிழங்கு விழுந்தால் தானாக ஜன்னல் பக்கம் உருண்டு போகும்.

மூன்றாம் வருடம் மாசியில், விடிய ஐந்து மணிக்கு வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டக் குனிந்த அண்ணை நிமிரவில்லை. அக்கா கூப்பிட்ட சத்தத்தில் நான் மேலே ஓடினேன். ஒரு சப்பாத்து கட்டியிருந்தது. மற்றது கட்டவில்லை.

அடுத்த வருடம் எனக்கு விசா கிடைத்தது. நிரந்தரம். அந்தக் காகிதத்தைக் காட்ட மேலே அண்ணை இல்லை.

அக்கா நல்ல மனுசி. நான் வாய் திறக்க முதல் அவவே சொன்னா. "அவர் சொன்னதை நான் மாத்த மாட்டன். வாங்கோ, எழுதித் தாறன்."

அதே நோட்டாரிடம் போனோம். அவர் கேட்டார், எழுத்தில் ஏதும் உண்டா? இல்லை. காசு கொடுத்ததற்கு? கையில் கொடுத்தது. சாட்சி? அக்கா என்னைப் பார்த்தா. மாதாவை நோட்டாரிடம் சொல்ல ஏலாது.

அவர் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். இறந்தவரின் வீடு பாதி மனைவிக்கு, பாதி பிள்ளைக்கு. பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. பிள்ளையின் பங்கைத் தாய் யாருக்கும் சும்மா கொடுக்க முடியாது. நீதிமன்றம் விடாது. பதினெட்டு வயதானால் பிள்ளை தானே கையெழுத்து வைக்கலாம். வைக்காமலும் விடலாம்.

படியில் இறங்கும்போது அக்கா சொன்னா. "அப்ப என்ரை பங்கை முழுசா உங்களுக்கு எழுதிறன். உங்களுக்குப் பாதி வந்திடுமெல்லோ?"

வரும். ஆனால் அவவுக்கு ஒன்றும் மிஞ்சாது. நாளைக்கு மகள் ஒருவனைக் கட்டி, அவன் வெளியே போ என்றால் போகவேண்டியதுதான். அவ அண்ணையின் மனுசி.

"வேண்டாம் அக்கா. பிள்ளை வளரட்டும்," என்றேன்.

வீட்டில் மனுசி இரண்டு நாள் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தாள். மூன்றாம் நாள், "ஆறு வருசம்," என்றாள். அவ்வளவுதான்.

அந்த ஆறு வருடமும் நான் ஒரு இறந்தவரின் வீட்டில் குடியிருந்தேன். காணிப் பதிவுப் புத்தகத்தில் அவர் பெயரை மாற்ற அக்காவுக்கு மனம் வரவில்லை. நானும் சொல்லவில்லை. குப்பை வரி, தண்ணீர், நகரசபைக் கடிதம், எல்லாம் அவர் பெயருக்கே வந்தன. மரியாதைக்குரிய ஐயா என்று தொடங்கும். நான் பெட்டியிலிருந்து எடுத்து மேல்படியில் வைப்பேன். முதல் வருடம் கை கூசியது. பிறகு கூசவில்லை. கூசாமல் போனதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

விடிய ஐந்து மணிக்கு மேலே நடக்கிற சத்தம் கேட்கும். அக்கா அந்த நேரம் எழும்புவதில்லை. பிள்ளையும் இல்லை. கட்டிலிலிருந்து வாசல் வரைக்கும் வரும். பிறகு நிற்கும்.

"கீழை சுரங்கம். வீடு அசையுது," என்றேன் மனுசியிடம்.

"சுரங்கம் கீழை. சத்தம் மேலை," என்றாள்.

பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது பகிடிக்கும் குறைவில்லை. ஒருவர் கேட்டார், "என்ன, செத்த ஆளோடையோ காணி பிரிக்கிறாய்? மாதாவைக் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ."

"அங்கை தமிழ் எடுபடாதே," என்றேன்.

"கெவலார் மாதா எத்தினை நூறு வருசமா இஞ்சை இருக்கிறா. உன்னைவிட நல்ல ஜெர்மன் கதைப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிள்ளை வளர்ந்தாள். என்னைச் சித்தப்பா என்பாள். ஜெர்மனில் யோசித்துத் தமிழில் பேசுவாள். பதினைந்துக்குப் பிறகு கோவிலுக்கு வருவதை நிறுத்தினாள். அக்கா அழுதா. மாதாவை நம்பாத பிள்ளைக்கு மாதா முன் சொன்ன சொல் என்ன பெறும் என்று யோசித்தேன். அவளோடு சாதாரணமாகக் கதைக்கவும் கூச்சமாக இருந்தது. சைக்கிள் காற்று அடித்துக் கொடுத்தாலும் கையெழுத்துக்காக அடித்தது போல இருக்கும். அதனால் விலகியே இருந்தேன்.

பதினெட்டு முடிந்த கிழமை அவளே கீழே வந்தாள். நின்றபடி கேட்டாள்.

"சித்தப்பா, நான் சைன் பண்ணினா புத்தகத்திலை அப்பாவின்ரை பேர் அழிஞ்சு போகுமோ?"

"தெரியாது பிள்ளை."

"ஃபோன் கொன்ட்ராக்டிலை அழிச்சாச்சு. பாங்க்கிலை அழிச்சாச்சு. இதிலை மட்டும்தான் அவர் இன்னும் இருக்கிறார்."

இல்லை, அழியாது என்று சொல்லியிருக்கலாம். நான் படிக்காதவன். தெரியாததைச் சொல்லிக் கையெழுத்து வாங்க ஏலாது.

"நீ வேண்டாம் எண்டால் வேண்டாம்," என்றேன். "நான் கோவிக்க மாட்டன்."

உள்ளே மனுசி கையில் வைத்திருந்த தட்டைப் பெரிய சத்தமாக வைத்தாள்.

பிள்ளை யோசிக்கிறேன் என்று போனாள். மூன்று கிழமை வரவில்லை. அந்த மூன்று கிழமையும் நான் சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன். நித்திரைதான் இல்லை. ஐந்து மணிக்கு மேலே நடை கேட்கும். வாசலில் நிற்கும். ஒரு விடியல் நானும் எழும்பிப் போய்ப் படியடியில் நின்றேன். "அண்ணை, பிள்ளையை விடுங்கோ," என்றேன். ஏன் சொன்னேனோ தெரியாது. சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது.

நாலாம் கிழமை அவள் நோட்டாரிடம் தானே டெர்மின் எடுத்து, நாள் குறித்துவிட்டு வந்து சொன்னாள். போனோம். முதலில் அதே கேள்வியை அவரிடம் கேட்டாள். அவர் ஒரு பழைய பதிவின் பிரதியை எடுத்துக் காட்டினார். யாரோ ஒருவரின் பெயர், கீழே சிவப்புக் கோடு.

"நாங்கள் அழிப்பதில்லை," என்றார். "அடியில் சிவப்புக் கோடு போடுவோம். பெயர் இருக்கும். வாசிக்கலாம்."

அவள் அந்தக் கோட்டைக் கனநேரம் பார்த்தாள். "நல்லது," என்றாள். பிறகு நோட்டார் வாசிக்கத் தொடங்கினார். இந்தமுறை என் பெயர் வந்தது. முதற்தரம் வந்தபோது எனக்கு வேறு யாரோ போல இருந்தது. தன் பங்கில் பாதியை எனக்கு எழுதி அவள் கையெழுத்து வைத்தாள். அக்காவும் அப்படியே வைத்தா. நான் வைத்தேன்.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. அந்த வீடு பற்றி என் பெயருக்கு வந்த முதற் கடிதம். உறையைப் பிரித்தேன். மேலே அண்ணையின் பெயர், அடியில் சிவப்புக் கோடு. வாசிக்கலாம். அதற்குக் கீழே அக்கா, பிள்ளை, நான். மனுசி விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தாள். அண்ணையின் பெயரில் விரலை வைக்காமல் தாண்டினாள்.

"நிலம் எவ்வளவாம்?" என்றாள்.

நானூற்றிப் பன்னிரண்டு சதுர மீற்றர். என் பங்கு இருநூற்றி ஆறு.