பீர் கம்பெனியில் மோந்து பார்க்கும் உத்தியோகம்

காஸ்டிக் சோடா கலந்த வெந்நீரின் நெடி... அதற்கு நடுவே மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய், நல்லெண்ணெய். நான் பீர் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் என் மூக்கில் ஏறாதது பீர் வாசனை ஒன்றுதான்.

கடலூரைத் தாண்டி, பாண்டி எல்லைக்குள் இருந்தது அந்தச் சின்ன கம்பெனி. கடலூர் முதுநகரில் மீனுக்கு ஐஸ் கட்டி விற்றுக்கொண்டிருந்த முதலாளி, அதுவும் குளிர்ச்சி இதுவும் குளிர்ச்சி என்ற தைரியத்தில் பீரில் இறங்கினார். பீர் சுமார்தான். பாட்டில் மட்டும் அம்மிக்குழவி கனம். அதன் தோளில் ஒரு நங்கூரம் புடைத்து நிற்கும்.

அதுதான் வினை. காலி பாட்டில் காயலான் கடை வழியாகத் திரும்பி வந்தால்தான் மறுபடி பீர் நிரப்ப முடியும். சனங்களோ, நல்ல கெட்டி பாட்டில் என்று எண்ணெய் ஊற்றி அடுப்பங்கரையில் வைத்துக்கொண்டார்கள். எப்போதோ திரும்பி வரும் பாட்டிலில் என்ன இருந்தது என்று யார் கண்டது? கழுவுவதற்கு முன் ஒவ்வொன்றையும் மோந்து பார்த்து, மண்ணெண்ணெய் பாட்டிலை ஒதுக்க வேண்டும். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்த எனக்கு அந்த உத்தியோகம்.

கை பழகிவிட்டது. எதை எடுத்தாலும் முதலில் மூக்குக்குத்தான் போகும். வீட்டில் தண்ணீர்ச் சொம்புகூடத் தப்பாது.

அந்த நேரம் பார்த்து சிதம்பரத்தில் ஒரு வரன். போட்டோ பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கட்டினால் இவள்தான். ஆனால் குடி வாசனையே ஆகாத குடும்பம். அம்மா முன்ஜாக்கிரதையாக "சோடா கம்பெனி" என்று சொல்லி வைத்திருந்தாள்.

சொஜ்ஜி, பஜ்ஜி முடிந்து பெண் காபி கொண்டு வந்தாள். டம்ளரை வாங்கினேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டியவன்... டம்ளரைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, ஆழமாக மோந்து பார்த்தேன்.

 பெண்ணின் தாய்மாமன் என்னையே பார்த்தார்.

"காபில எதனா விழுந்து கெடக்கா தம்பி?"

"இல்லீங்க மாமா... பழக்க தோஷம். பீர் பாட்டில மோந்து பாக்குற வேல."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். திரும்பி வரும்போது கடலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எனக்கு அர்ச்சனை. நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டு வந்தேன். அவள் இனி இல்லை என்று முடிவே கட்டிவிட்டேன்.

அந்த வாரமே சம்மதம் என்று தகவல் வந்தது. ஏன் என்று கேட்கவில்லை. கேட்கப்போய் மனசு மாறிவிட்டால்?

கம்பெனிதான் பிழைக்கவில்லை. சீக்கிரமே மூடிவிட்டார்கள். அன்றைக்குப் பாட்டிலுக்குள் இருந்ததை வாங்க ஆளில்லை; இன்றைக்குக் காலி பாட்டிலுக்கு ஃபேஸ்புக்கில் அடிதடி. ஆன்டிக் என்று கண்ணாடி பீரோவில் வைத்து, லைட் போட்டுப் படம் எடுக்கிறார்கள். இப்போது வரும் பிளாஸ்டிக் பாட்டிலை யார் திருப்பிக் கேட்கிறார்கள்?

நேற்று அப்படி ஒரு குரூப்பில், நானும் அங்கே வேலை பார்த்தவன் என்று பெருமையாக எழுதினேன். என்ன பதவி சார் என்று ஒருவர் கேட்டார். "குவாலிட்டி கன்ட்ரோல்" என்று தட்டிக்கொண்டிருந்தேன்.

பின்னால் நின்று படித்த என் மனைவி சொன்னாள்.

"மோந்து பாத்தன்னே போடுங்க. குடிக்கிறவன் எவனாவது மோந்து பாத்துகினு நிப்பானான்னு கேட்டுத்தான், அன்னிக்கி மாமா வாய அடச்சேன்."

இத்தனை வருஷமும் என் முகவெட்டுக்காக என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்...