சத்தியத்துக்கு வலது கை

நரிக்குடிப் பக்கத்து ஊர் ஒன்றில் நான்கு வருஷம் ஆட்டுக்கிடைக்குக் காவல் இருந்தேன். ஐந்தாவதோடு படிப்பை விட்டவனுக்கு அந்த வேலைதான் கிடைத்தது. ஒருநாள் முதலாளியின் கிடாய் ஒன்று காணாமல் போனது. விற்றது அவர் மச்சினன். அது அவருக்கும் தெரியும். இருந்தும் அய்யனார் கோயில் முன்னால் சூடம் ஏற்றி, என்னைக் காட்டி "இவன்தான் வித்தான்" என்று சொல்லி, வலது கையால் அதை அடித்து அணைத்தார். எங்கள் பக்கம் சூடம் அணைத்துவிட்டால் அதற்கு மேல் விசாரணை கிடையாது. அதன் பிறகு எந்தக் கிடையிலும் எனக்கு வேலை இல்லை. அதே ஊரில் இருந்த என் தங்கையைப் பெண் பேசி வைத்திருந்த பாலவனத்தத்துக்காரர்கள் பிறகு வரவே இல்லை.

தூத்துக்குடியில் உப்பு வாரினேன். லாரியில் லோடு ஏற்றினேன். அந்தச் சூடத்தை முதலாளியே மறுபடி அணைக்க வேண்டும், அது ஒன்றுதான் நினைப்பு. பல வருஷம் கழித்து அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒருவன் சொன்னான், அவருக்குப் பக்கவாதம், வலது கையும் பேச்சும் போய்விட்டதென்று. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என் கைக்கு எட்டாத இடத்துக்குத் தப்பிவிட்டார் என்று நினைத்தேன். அன்றே பஸ் ஏறினேன்.

அவர் மனைவி சொன்னார், "அவுகளுக்கு எல்லாம் புரியுதுப்பா. வார்த்தைதான் மாறி மாறி வருது."

என்னைப் பார்த்ததும், "கதவு... கதவு" என்றார் அவர். அந்த அம்மாள் கதவைச் சாத்தினார். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அம்மாள் தண்ணீர் கொண்டுவந்தார். அதுவும் இல்லை. அவர் கண் சுவரில் தொங்கிய வெற்றிலைப் பையில் இருந்தது. வெற்றிலைதான் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. அவர் தொடையில் அறைந்துகொண்டு அழுதார். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நன்றாக இருந்தது.

"கோயிலுக்கு வாங்க. நான் விக்கலைன்னு சூடத்த அணைங்க. அதுக்கு வாய் வேண்டாம்."

"இந்த நெலமையிலயா?" என்றார் அந்த அம்மாள்.

"என்னைய எந்த நெலமையில அனுப்புனாகன்னு அவுகளக் கேளுங்க."

அவர் தடிக்குக் கை நீட்டினார்.

கோயிலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. "ஏலே, பாதி ஆளுகிட்ட முழுச் சத்தியம் கேக்குறியே" என்று ஒருவன் சிரித்தான். நான் சூடத்தைப் பற்றவைத்தேன். அவர் இடது கையை ஓங்கினார். பூசாரி தடுத்தார்.

"பீச்சாங்கைச் சத்தியம் செல்லாது."

"நீ வேணா அவுக சோத்தாங்கையத் தூக்கி வையேன்" என்றான் சிரித்தவன்.

"அடுத்தவன் தூக்கி வச்சா அது அடுத்தவன் சத்தியம்" என்றார் பூசாரி.

முதலாளி என்னையே பார்த்தார். பிறகு இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். உணர்ச்சி செத்த கைக்கு அடிக்கத் தெரியவில்லை. அது நெருப்பின் மேல் படுத்துக்கொண்டது. தோல் கருகும் வாடை வந்தது. அவர் மனைவி இழுத்தும் அவர் விடவில்லை. பக்கத்தில் நின்ற நானும் அந்தக் கையை எடுக்கவில்லை.

சூடம் அணைந்ததும் பூசாரியிடம் கேட்டேன்.

"இப்பச் செல்லுமா?"

"செல்லும்."

நடுத்தெரு வழியாகத் தங்கையின் வீட்டுக்கு நடந்தேன்.