சலவை அறையில் மிர்சா அங்கிள்

இன்று ஆஸ்பத்திரி நடையில் பிளீச் மணந்தபோது, நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த, இப்போது இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட ஸ்காபரோ அடுக்குமாடியின் நிலக்கீழ்ச் சலவை அறைக்குள் போய்விட்டேன். ஈரச் சூடும் சவர்க்கார வாசமும் மெஷின்களின் உறுமலும் நிறைந்த அங்கேதான், எங்கள் மாடியில் குடியிருந்த மிர்சா அங்கிள் உடுப்புக் காயும்வரை டிரையரின் தகரத்தில் விரல்களால் தாளம் போடுவார். பொஸ்னியாவில் பள்ளித் தோழர் நால்வர் தொடங்கி, கல்யாண வீடுகளில் பாடி, பிறகு விளையாட்டரங்குகளையே நிரப்பிய பொப் இசைக்குழுவின் டிரம்மர் அவர் என்று அவருடைய மகள் லைலா சொல்லியிருந்தாள். யுத்தம் வந்தபோது குழுவின் பாடகன், மலையில் நின்று நகரத்துக்கு ஷெல் அடித்தவர்களோடு சேர்ந்துகொண்டான். அந்த ஷெல் வீட்டில் விழுந்து மிர்சா அங்கிளின் தம்பி இறந்துபோனார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், நானும் அம்மாவும் லைலாவும் அங்கே உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது, குழுவை மறுபடி சேர்க்கவென்று அந்தப் பாடகன் அவரைத் தேடி வந்தான். மிர்சா அங்கிள் அவன் தலைமயிரைப் பிடித்து டிரையர் கதவில் மோதினார். மூன்றாவது மோதலில் பல் தெறித்தது. நாங்கள் மடித்துவைத்த துவாய்களில் இரத்தம் சிந்தியது.

“விடுங்கோ அண்ணை, ஆள் செத்துப்போகும்!” என்று அம்மா அவருடைய கையைப் பிடித்துத் தொங்கினார்.

பாடகன் அவர்களுடைய மொழியில் ஏதோ குழறினான். மிர்சா அங்கிள் பதில் சொன்னார். லைலா அழுதழுது ஆங்கிலத்தில் சொன்னதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

“அங்கிளின்ர தம்பி அண்டைக்கு வீட்டில நிண்டது தனக்குத் தெரியாதெண்டு இந்தப் பாடகர் சொல்லுறார் அம்மா. எங்கட வீடு உனக்குத் தெரியும்தானே எண்டு அங்கிள் கேக்கிறார்.”

யாழ்ப்பாணத்தில் ஷெல்லடியில் தன் தம்பியைப் பறிகொடுத்த அம்மா, பிடித்திருந்த கையை விட்டார். மேல்மாடி ஆட்கள் ஓடிவந்து விலக்கும்வரை அவர் திரும்பப் பிடிக்கவேயில்லை.