எரித்துப் பார்க்காத துண்டு

தெருவில் அவளுக்கு ஒட்டுக்காரி என்றே பெயர். கிழிந்த துணி அவள் கைக்குப் போனால் இன்னும் சில வருஷம் உழைக்கும். ஆனால் எடுத்ததும் தைத்துவிட மாட்டாள். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, அடுப்பில் காட்டி முகர்ந்து பார்ப்பாள். காகிதம் எரிகிற வாடை வந்தால் பருத்தி. முடி பொசுங்குகிற வாடை என்றால் கம்பளியோ பட்டோ. உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் பாலியஸ்டர். பருத்திக்குப் பருத்தி ஒட்டுதான் போடுவாள். மாற்றி வைத்தால் ஒட்டு நிற்கும், சட்டை அதன் ஓரத்திலேயே கிழியும். ஊரார் துணிக்கெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தவள் வீட்டுத் துணியில் அசந்துவிட்டாள், அதுதான் கொடுமை.

புருஷனுக்கு இரும்பு உருக்கும் ஆலையில் உலை வேலை. அவள் தூக்கி வளர்த்த தம்பியும் அங்கேதான், வார்ப்பு அச்சு செய்யும் பிரிவில் இருந்தான். உலை முன்னால் தடித்த பருத்திக் கோட்டு போட்டுத்தான் நிற்க வேண்டும். பொறி பட்டால் பருத்தி கருகும், உடம்பில் ஒட்டாது. புருஷனின் கோட்டு மார்புப் பக்கம் நைந்திருந்தது. கெட்டியான காக்கித் துண்டு ஒன்றை உள்ளும் புறமும் வைத்துத் தைத்தாள். தொட்டால் பருத்தி மாதிரியே இருந்தது. நம் வீட்டு வேலைதானே என்று எரித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் அவன் போன பிறகு, பழக்க தோஷம், மிச்சத் துண்டின் நூலை அடுப்பில் காட்டினாள். அது காட்டமான வாடையோடு சுருண்டு உருகி, விரல்வரை ஏறித் தோலோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்தால் தோலும் சேர்ந்து வந்தது. செருப்புக்கூடப் போடாமல் ஆலைக்கு ஓடினாள்.

ஆலை வாசலை ஒட்டித்தான் உலைக்கூடம். காவல்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடிப் புருஷனை வரவழைத்தாள். அவன் வேறு கோட்டில் சிரித்துக்கொண்டு வந்தான். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தக் கோட்டு தீயில் உருகும், இனி தொடவே வேண்டாம் என்று மூச்சு வாங்கச் சொன்னாள். அவன் முகம் செத்துப்போனது.

"உன் தம்பியை இன்னைக்கு உலைக்கு மாத்திட்டாங்க. நீ தைச்சது கெட்டியா இருக்கும்னு அவனுக்குப் போட்டு விட்டேன்."

சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினான். அவள் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே யாரோ கத்துவது கேட்டது. பிறகு காற்றில் ஒரு வாடை வந்தது. காலையில் அவள் அடுப்படியில் எழுந்த அதே வாடை, கூடவே முடி பொசுங்குகிற வாடையும்.