நோயாளர் வள்ளம்

மூட்டு வலிக்கு நல்லதென்று டாக்டர் மீனெண்ணெய்க் குளிசை எழுதித் தந்திருக்கிறார். விழுங்கச் சொன்னதை நான் கடித்துவிட்டேன். வாய் முழுக்க அந்த வாடை. "என்ன சின்னம்மா, வேப்பெண்ணெய் குடிச்ச மாதிரி இருக்கிறியள்?" என்று பெறாமகள் சிரித்தாள். அவளுக்கு என்ன சொல்வது? சுறா எண்ணெய் பூசி நெடுந்தீவுக் கரையில் வெயிலில் காயவிட்டிருந்த ஒரு புது வள்ளம் என் கண் முன்னே வந்து நின்றுவிட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது.

நான் வேலணைக்காரி. பயிற்சி முடித்த கையோடு நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்துக்கு என்னை அனுப்பினார்கள். போன அன்றைக்கே கடல் என் படிப்பின் திமிரையெல்லாம் வாந்தியாக எடுத்துவிட்டது. இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கரையேற்றினார்கள். "புது ரீச்சரோ, புது நோயாளியோ?" என்று கரையில் நின்ற ஒருவர் கேட்டது காதில் விழுந்தது.

கேட்டவர் சிவக்கொழுந்தர். மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு ஊர் திரும்பியவர். வெள்ளை வேட்டி, மடித்த சால்வை, யாரையும் சிரிக்கவைக்கிற பேச்சு. அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு பெரிய துக்கம் இருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவருடைய ஒரே மகள் முதல் பிள்ளைப்பேற்றில் செத்துப்போனாள். வாடைக் காற்று எதிரே வீச, சின்ன வள்ளங்கள் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போக ஏலாதென்று கரையிலேயே கிடந்தன. அவளும் கரையிலேயே கிடந்து செத்தாள்.

அந்தத் துக்கத்தில் அவர் தொடங்கியதுதான் வாலிபர் சங்கம். அதில் பாதிப்பேர் வாலிபத்தைக் கடந்து கனகாலம். ஒரேயொரு நோக்கம்: எந்தக் காற்றுக்கும் ஈடுகொடுக்கிற பெரிய வள்ளம் ஒன்றைச் செய்து, ஊர் நோயாளரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது. அவர் கேட்டால் மறுக்க யாருக்கும் மனம் வராது. நானும் மறுக்கவில்லை.

பணம் சேர்க்க நாங்கள் செய்யாத கூத்தில்லை. ராசா ராணி நாடகம் போட்டோம். அழுகிற இடத்தில் ராணியின் சவுரி கழன்று விழ, சனம் சிரித்த சிரிப்பில் ராசாவுக்கு வசனம் மறந்துபோயிற்று. ஒரே பூசணிக்காயைத் திரும்பத் திரும்ப ஏலம் விட்டோம். எடுத்தவர்களெல்லாம் சங்கத்துக்கே திருப்பிக் கொடுக்க, கடைசியில் அது அழுகி மணக்கத் தொடங்கியது. ஆனால் உண்மையில் வள்ளத்தைச் செய்தது பிடியரிசிதான். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனியே ஒரு முட்டியில் போட்டுவைப்பார்கள் பெண்கள். மாதம் ஒருமுறை வீடு வீடாகப் போய் அதைச் சேர்ப்பது என் வேலை.

குளத்துக்கு அப்பால் கள்ளுச் சீவும் குடும்பங்கள் இருந்தன. அங்கே போகத் தேவையில்லை என்றார்கள் சங்கத்தில். நான் போனேன். கந்தன் என்பவனின் பெண்சாதி பொன்னி முற்றத்துக்கு ஓடிவந்தாள். என் வயதுதான் இருக்கும். அரிசி சமைக்கிற வீடில்லை அது. ஒரு பிடி குரக்கன் கொண்டுவந்து நீட்டினாள்.

"இது எடுப்பியளோ, நாச்சியார்?"

"எடுப்பன். என்னை ரீச்சர் எண்டு கூப்பிடும்."

"ஓம், நாச்சியார்" என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

அடுத்த மாதம் போனபோது அந்தப் பக்கத்து வீடுகளிலெல்லாம் முட்டி வைக்கப் பண்ணியிருந்தாள். என் கூடை பிய்ந்திருப்பதைக் கண்டு புதுப் பனையோலைக் கடகமும் இழைத்துத் தந்தாள். குரக்கனைச் சங்கத்தில் வேறாக வைத்தார்கள். விற்ற காசை வேறாக வைக்கவில்லை. காசுக்குத் தீட்டுத் துடக்கு இல்லைப் போலும்.

வள்ளம் கடலில் இறங்கிய நாளில் ஊரே கரைக்கு வந்தது. பொன்னியும் வந்திருந்தாள், எல்லாருக்கும் பின்னால், தாழைப் பற்றையோடு ஒட்டிக்கொண்டு. சிவக்கொழுந்தர் பேச எழுந்தார். "இது ஊருக்கெல்லாம் பொது. இனி எங்கட தீவிலை ஒரு பொம்பிளையும் காத்துக்குப் பயந்து கரையிலை கிடந்து சாகப்படாது" என்றவர் சால்வையால் முகத்தைத் துடைத்தார். நான் அழுதேன். என்னைச் சுற்றி நின்றவர்களும் அழுதார்கள்.

அந்த வள்ளம் பலரைக் காப்பாற்றியது, அதை மறைக்கக்கூடாது. மாடு முட்டிக் குடல் சரிந்த ஒருவர் பிழைத்து வந்தார். ஓட்டுகிறவர் சவிரிமுத்து, அந்தக் கரையில் அவரைப்போலப் பாய் பிடிக்கத் தெரிந்தவர் இல்லை. பாயும் துடுப்பும் மட்டும் சிவக்கொழுந்தர் வீட்டு அறையில் பூட்டியிருக்கும்.

அடுத்த வாடைக்காலத்தில் ஒரு காலை, பள்ளிக்கூடக் கல்வேலிக்கு வெளியே கந்தன் நின்றான்.

"பொன்னிக்கு முந்தநாள் தொடங்கின நோ, நாச்சியார். மருத்துவிச்சி தன்னாலை ஏலாதெண்டிட்டா."

வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். சிவக்கொழுந்தர் வீட்டில் சங்கத்துக்காரர் சிலர் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொருளாளர்தான் முதலில் வாய் திறந்தார்.

"இண்டைக்கு அவளை ஏத்தினால் நாளைக்கு எங்கட பொம்பிளையள் வள்ளத்து மெத்தையிலை படுப்பினமோ?"

"மெத்தையை எறிஞ்சுபோட்டு வேறை தைப்பம்" என்றேன்.

"மெத்தை மட்டுமே, பிள்ளை?"

நான் சிவக்கொழுந்தரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் பூட்டிய அறையின் திறப்பு அவருடைய மடியில்தான் இருந்தது.

"ஐயா, உங்கட மகளை நினைச்சுத்தானே இந்த வள்ளம்?"

அவர் தலை நிமிர்ந்தார். அவ்வளவு கோபத்தை அந்த முகத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை. "அவளை இதுக்குள்ளை இழுக்காதையும்" என்றார். பிறகு குரல் தணிந்து, "ஊரை விட்டிட்டு நான் என்ன செய்யிறது? நானும் இந்த ஊருக்குள்ளைதானே இருக்கவேணும்" என்றார்.

கரையில் சவிரிமுத்து நடந்ததைக் கேட்டார். மணலில் காறித் துப்பினார். "என்ரை மீன் வள்ளம் கிடக்குது. சின்னன். போறதெண்டால் இப்பவே போகவேணும்." கந்தன் பொன்னியைத் தூக்கிவந்து கிடத்தினான். நானும் ஏறினேன். கரையில் நின்ற யாரோ "ரீச்சர், இறங்கும்!" என்று கத்தினார்கள். பெரிய வள்ளம் பாயில்லாமல் பக்கத்தில் ஆடிக்கொண்டு நின்றது.

காற்று முகத்தில் அடித்தது. அலை உள்ளே வர வர, கந்தன் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினான். பொன்னியின் தலை என் மடியில் இருந்தது. வலி கொஞ்சம் விட்ட நேரத்தில் கண் திறந்து பார்த்தாள்.

"நாச்சியார், உங்கட சீலை நனையுது."

அதுதான் அவள் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு. ஊர்காவற்றுறைக் கடற்கோட்டை கண்ணுக்குத் தெரிந்தபோது அவள் கை குளிர்ந்துவிட்டது. பிள்ளையும் அவளோடு போயிற்று. கந்தன் கொஞ்ச நேரம் தெரியாமல் தண்ணீரை அள்ளிக்கொண்டே இருந்தான்.

செத்தவீட்டுச் செலவுக்கென்று சங்கம் வேறாக வைத்திருந்த குரக்கனில் ஒரு மூட்டை அனுப்பியது. குளத்தின் இந்தக் கரையில் இறக்கிவிட்டுக் கந்தனைக் கூப்பிட்டார்கள். அவன் வந்தான். மூட்டையைத் தொடவில்லை.

"இது அவள் வள்ளத்துக்கெண்டு குடுத்தது, நயினார். வள்ளத்துக்கே வைச்சிருங்கோ."

நான் குடியிருந்த வீட்டில் அன்று பின்னேரமே என் றங்குப்பெட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பெற்றோர் சிலர் என்னைப் பற்றிப் பெட்டிஷம் எழுதி அனுப்ப, அடுத்த தவணை நான் வேலணைக்கு மாற்றலாகிப் போனேன். கந்தனும் அந்தப் பகுதியில் சிலரும் ஊரை விட்டு வன்னிப் பக்கம் போனதாகக் கேள்வி. வள்ளத்தில் முதலில் யார் போவதென்று சங்கத்துக்குள் பிறகு சண்டை வந்ததாம். கவனிப்பாரில்லாமல் கரையில் கிடந்து அது உக்கிப்போனது. சிவக்கொழுந்தர் கடைசிவரை சவிரிமுத்துவின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை என்று சொன்னார்கள்.

கனகாலம் கழித்து ஒரு கலியாணத்துக்காக நெடுந்தீவுக்குப் போனேன். பந்தலில் ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து இருந்து, என்னை யாரென்று தெரியாமலே ஊர்ப் பெருமை சொன்னார். "அந்தக் காலத்திலை நோயாளரைக் கொண்டுபோக எங்களுக்குச் சொந்த வள்ளம் இருந்தது, தங்கச்சி. சாதி சமயம் பாராமல் எல்லாரையும் ஏத்தினவை." அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் அவர் நம்பினார். "பொன்னி எண்டு ஒருத்தியைத் தெரியுமோ?" என்று கேட்டேன். நெற்றியைச் சுருக்கி யோசித்துப் பார்த்தார்.

"அப்பிடி ஒருத்தரும் இந்த ஊரிலை இருக்கேல்லையே" என்றார்.

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். நான் பந்திக்குப் போகாமல் குளத்துக்கு அப்பால் போய்ப் பார்த்தேன். பொன்னியின் வீடு இருந்த இடத்தில் ஒரு கல்வேலி கூட இல்லை. மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.