கெட்டிமேளத்தில் அழுத பிள்ளை

மல்வேர்னில் ஒரு பள்ளிக்கூட ஹோலில் என் கணவரின் தங்கைக்குக் கலியாணம் நடந்தது. அப்போது ரொறன்ரோவில் மேளகாரர் எவரையும் எங்களுக்குத் தெரியாது. கெட்டிமேளத்தைக் கசெற்றில் வைத்திருந்தோம். ஐயர் கையைத் தூக்கியதும் கணவரின் அண்ணன், என் அத்தான், கசெற்றைப் போட வேண்டும். போட்டார். நாடா சிக்கி, ஒரு இழுவையோடு நின்றது. அந்த அமைதியில் மடியிலிருந்த என் கைக்குழந்தை வீரிட்டு அழுதாள். தாலி ஏறியது.

"உவளை வெளியில கொண்டு போயிருக்கலாமே, பிள்ளை," என்றார் மாமி, கணவரின் அம்மா. "தாலி கட்டேக்க அழுகுரல் கேக்கக் கூடாதெண்டு படிச்ச உமக்குத் தெரியாதே?"

அத்தானை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் பேனையால் நாடாவைச் சுற்றிவிட்டு வடை சாப்பிடப் போனார். நான் மட்டும் வாரக்கணக்காக யோசித்தேன். முன்னமே பால் கொடுத்திருக்கலாமோ? கதவடியில் இருந்திருக்கலாமோ?

பனிக்காலத்தில் மாப்பிள்ளைக்கு வேலை போனது. "அண்டைக்குக் கேட்ட அழுகை," என்றார் மாமி. என் மகள் அப்போது தவழத் தொடங்கியிருந்தாள். அவளுக்கு அதற்குள் 'கெட்டிமேளத்தில் அழுத பிள்ளை' என்று பெயர் விழுந்துவிட்டது.

இங்கே வேலைக்கு இங்கத்தைய படிப்பும் வேண்டுமென்று பின்னேர வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் ஆசிரியர் பழைய ரோமாபுரியின் இசையைப் பற்றிச் சொன்னார். போருக்குக் கொம்பு, சாவுக்குக் குழல். பலி கொடுக்கும்போதும் ஒருவர் பக்கத்தில் நின்று குழல் ஊதுவாராம். இனிமைக்காக அல்ல, கெட்ட சத்தம் எதுவும் காதில் விழாமல் மறைக்க.

எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றது. வகுப்பில் வாய் திறக்காத நான் கேட்டேன்: "அப்படியும் ஒரு சத்தம் கேட்டுவிட்டால்?"

"சடங்கு பிழைத்துவிட்டதென்று முதலிலிருந்து தொடங்குவார்கள்."

"ஒரு குழந்தை அழுதிருந்தால், தாயை என்ன செய்வார்கள்?"

அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. "தாயை எதற்கு?" என்றார்.

பஸ்ஸில் வீடு வரும்வரை எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறைப்பது மேளத்தின் வேலை. மேளம் நின்றதற்குப் பிள்ளை குற்றவாளியா? குண்டுச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த சனங்களுக்கு ஒரு குழந்தையின் அழுகைதானா கெட்ட சத்தம்?

குடும்பத்தில் அடுத்த கலியாணத்துக்கு அழைக்க மாமி போன் எடுத்தார். "பிள்ளையை ஆரிட்டயும் விட்டிட்டு வாரும்."

"கசெற் ஆர் போடுறது, மாமி?"

"பெரியவன்தான்."

"அப்ப அத்தானை ஆரிட்டயும் விட்டிட்டு வாங்கோ. நான் பிள்ளையோட வாறன்."

போனை வைத்தேன். மரியாதை தப்பிவிட்டேனோ என்று அன்று முழுக்க யோசித்தேன். யோசித்துக்கொண்டே மகளின் பட்டுச் சட்டையை அயன் பண்ணினேன்.