அப்ளைக்கு வெள்ளைப் பூ

1. பச்சை வரிகள்

மேட்டுப்பாளையத்தில் ஒரு கோல்டு ஸ்டோரேஜுக்கு நான் கிளவுட் வேலை, அதாவது எங்கோ வாடகைக்கு ஓடும் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை, பார்த்துவந்தேன். முதலாளி நாச்சிமுத்து அண்ணன். மலைக்காட்டு விவசாயிகளின் விதை உருளைக்கிழங்கு அங்கேதான் அடுத்த விதைப்புப் பட்டம் வரை குளிரில் உறங்கும். எல்லாம் ஒரே சாக்கு, ஒரே மண் வாசம். எது யாருடைய மூட்டை, எந்த ரேக்கில் கிடக்கிறது என்பது கிளவுடில் இருந்த ஒரு டிஸ்க்குக்குத்தான் தெரியும். பேக்கப் வாரம் ஒருமுறை. இது நடந்த வாரம்தான் மூட்டைகள் வந்து இறங்கின; அவற்றின் விவரம் இன்னும் பேக்கப்பில் ஏறவில்லை.

புதிய அறைகள் கட்டியதால் சர்வர்களைக் கூட்ட வேண்டியிருந்தது. நாங்கள் எதையும் கையால் செய்வதில்லை. வேண்டியதைக் கம்ப்யூட்டர் கோடில் எழுதிவிடுவோம். அதைப் படிக்கும் டூல், எதெது மாறும் என்று முதலில் பிளான் காட்டும். ‘எஸ்’ அடித்தால்தான் கிளவுடில் கை வைக்கும்.

பிளான் ஓட்டினேன். திரை முழுக்கப் பச்சைக் கூட்டல் குறிகள். இன்னும் பிறக்காத சர்வர்கள் பெயரோடு வரிசையாக வந்து நின்றன. ஜன்னலுக்கு வெளியே நீலகிரியிலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அந்த சர்வர் ஊரைத் திரையில் பார்த்தபடி கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

“எஸ் அடிச்சரலாங்களாண்ணா?” என்று பக்கத்தில் நின்ற நாச்சிமுத்து அண்ணனிடம் கேட்டேன்.

“செத்த பொறுங்க அம்மணி. நாளைக்குக் கோயல்ல பூக் கேட்டுப்போட்டு வாரனுங்க.”

எங்கள் பக்கத்து வழக்கம் அது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. கிணறு வெட்டக் கேட்பார்கள், பெண் எடுக்கக் கேட்பார்கள். சர்வர் ஏற்றக் கேட்டவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

2. சிவப்பு வரி

மறுநாள் நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். “வெள்ளை வந்துருச்சுங்க அம்மணி. போடுங்க!”

பிளானை நிறைவேற்றச் சொல்லி அப்ளை கொடுத்தேன். டூல் புதிதாக ஒரு பிளானைக் காட்டிவிட்டு எஸ்ஸுக்குக் காத்து நின்றது. பச்சை, பச்சை, நடுவில் ஒரு சிவப்பு. மூட்டை விவரம் இருக்கும் டிஸ்க்கை அழித்துவிட்டு வேறு வைக்கப் போகிறதாம். “இந்த டிஸ்க்குல ஆராச்சும் கை வெச்சீங்களா?” என்று கேட்டேன்.

“டிஸ்க் நெறைஞ்சு போச்சுன்னு காலைல நாந்தானுங்க கிளவுட் கன்சோல்ல போயிக் கையாலயே பெருசு பண்ணிப்போட்டேன்,” என்றார் மேனேஜர் சுந்தரம். நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் கோடில் பழைய அளவே இருந்தது. இருக்கும் டிஸ்க்கைச் சுருக்க முடியாது. அதனால் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, எழுதிய அளவில் சின்னதாக ஒன்று வைக்க டூல் கிளம்பிவிட்டது. சொன்ன சொல் தட்டாத பிள்ளைகளிடம்தான் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

“இப்ப வேண்டாங்ணா. நிறுத்திக்கலாம்.”

அண்ணனுக்குச் சுருக்கென்றது. “ஏனுங்க, சாமியே சொல்லியாச்சு. அதுக்கு மேல நீங்க ஆருகிட்டக் கேக்கோணும்?”

“இதுக்கு எஸ் சொன்னா டிஸ்க் அழிஞ்சுருமுங்க. எந்த மூட்டை ஆரோடதுன்னு அப்பறம் சாமிகிட்டத்தானுங்க கேக்கோணும்.”

சொல்லிவிட்டேனே தவிர, எனக்குப் பயம்தான். அவர் அந்தச் சிவப்பு வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“நான் புதுசா வெக்கறதுக்குத்தானுங்க பூக் கேட்டேன். அழிக்கறதுக்குக் கேக்கவே இல்லீங்களே.”

‘நோ’ அடித்தேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: நேற்றைய பிளானுக்கு வாங்கிய சம்மதம் இன்றைய பிளானுக்குச் செல்லாது. அதன் பிறகு நாங்கள் பிளானை ஃபைலில் சேமித்து, எல்லோரும் பார்த்த அதே பிளானைத்தான் அப்ளை செய்கிறோம்.

அன்றைக்குக் கோடில் டிஸ்க் அளவைத் திருத்தி மறுபடி ஓட்டினேன். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“இதுல அழிக்கறது எதாச்சும் இருக்குதுங்களா?”

“ஒண்ணுமே இல்லீங்ணா.”

“அப்பச் சாமி வெள்ளை குடுத்தது இதுக்குத்தானுங்க. போடுங்க.”